சீட்டு விழாத வீடுகள்

கலாவதியின் மகள் திரிஷா நான்கு வயது வரை பேசவில்லை. காது நன்றாகக் கேட்டது. கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தாள். ஆனால் வாயிலிருந்து வார்த்தை வரவில்லை. அரசு மருத்துவமனையில் காட்டினார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது, தானாகப் பேசும் என்று அனுப்பிவிட்டார்கள். அப்படியே நான்கு வயதுக்குப் பிறகு பேசத் தொடங்கினாள். இன்று அரக்கோணத்தில் ஒரு செல்போன் கடையில் வேலை செய்கிறாள், வாடிக்கையாளர்களிடம் மூச்சு விடாமல் பேசுகிறாள். இதில் கவலைப்பட எதுவும் இல்லை என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். கலாவதி மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

"தறி மேல குத்தம் சொல்லமாட்டேன் கண்ணு. நான் அவகிட்ட பேசல. அதான் அவளும் பேசல" என்று என்னிடம் சொல்வார்.

காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையத்துப் பக்கம் வீட்டுக்குள்ளேயே தறி இருக்கும். தரையில் குழி வெட்டி, அதில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்து நெய்வார்கள். கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம் என்று வரும் கோர்வைப் புடவைக்கு ஒரு ஆள் போதாது. கலாவதியின் கணவர் சிவராஜ் நடுவில் உட்கார்ந்தால், கலாவதி ஓரத்தில் உட்கார்ந்து கரை நூல் அடைத்த நாடாக் கட்டையைத் தள்ள வேண்டும். ஒருவர் எழுந்தால் இருவர் வேலையும் நின்றுவிடும். குழந்தையை விட்டால் குழியில் விழும், இல்லாவிட்டால் தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு நூலைப் பிடித்து இழுக்கும். அதனால் பழைய பருத்திப் புடவையைக் கிழித்து இடுப்பில் சுற்றி ஜன்னல் கம்பியில் கட்டிவிடுவார்கள். திரிஷாவும் அப்படித்தான் ஜன்னலில் நின்று தெருவைப் பார்த்து வளர்ந்தாள். அந்தத் தெருவில் அவளோடு வளர்ந்த பிள்ளைகள் எல்லாரும் அப்படித்தான் வளர்ந்தார்கள். யாரும் இதைக் கொடுமை என்று நினைத்ததில்லை. கலாவதிக்கும் அப்போது அப்படித் தோன்றவில்லை. பிறகுதான் தோன்றியது.

ஆகவே, தெருக்கோடியில் பூட்டிக் கிடந்த ஒரு கிடங்கை வெள்ளையடித்து, குழந்தைகள் காப்பகம் வரப்போகிறது, பார்த்துக்கொள்ள இந்தத் தெருவிலேயே ஒரு பெண் வேண்டும் என்று கேட்டபோது, கலாவதிதான் முதலில் போய் நின்றார். நாற்பத்தைந்து வயதில் அவருக்குக் கிடைத்த முதல் வேலை அது. சிவராஜ் தடுக்கவில்லை. மச்சினர் மகன் ஒருவன் சும்மா இருந்தான். ஓரத்தில் அவனை உட்கார வைத்துக்கொண்டார்.

காப்பகம் சும்மா வரவில்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆய்வு அது. வீட்டிலேயே தொழில் செய்யும் ஊர்களில் காப்பகம் திறந்தால் குழந்தைகள் நன்றாக வளர்கிறார்களா, தாய்மாரின் வேலை மேம்படுகிறதா என்று ஒரு பன்னாட்டு நிதி அமைப்பு தெரிந்துகொள்ள விரும்பியது. நன்மை இருக்கிறது என்று நிரூபணமானால் பல நாடுகளில் இப்படிப்பட்ட ஊர்களுக்குக் காப்பகங்கள் கட்டுவார்கள். நம் ஊரில் இருப்பதும் நிலைக்கும். நிரூபணமாகாவிட்டால் ஆய்வு முடிகிற மாதத்தோடு மூடிவிடுவார்கள். இதை மேரி முதல் நாளே மறைக்காமல் சொல்லிவிட்டார். மேரி நாகர்கோவில்காரர். சென்னையிலிருந்து வந்து போய் ஆய்வை மேற்பார்வை செய்தவர்.

ஆய்வுக்காகத் தெருவில் சின்னக் குழந்தை இருக்கும் வீடுகளின் பெயர்களைச் சீட்டில் எழுதி, பிள்ளையார் கோயில் முன்னால் ஒரு குடத்தில் போட்டுக் குலுக்கினார்கள். அன்றைக்குப் பெண்கள் எல்லாரும் திருவிழா போலக் கூடியிருந்தார்கள்.

"சீட்டு எடுக்கறது எங்களுக்கு இன்னா புதுசா மேடம்? மாசம் ஒருக்கா எடுக்கறோம். என்னிக்காவது எனக்கு விழுந்திருக்குதா கேளுங்க" என்றாள் தையல்நாயகி. சொல்லி முடிப்பதற்குள் அவள் பெயரே வந்தது. எல்லாரும் சிரித்தார்கள்.

மேரி சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்தார். "சீட்டு விழுந்த வீட்டுப் பிள்ளை மட்டும்தான் காப்பகத்துக்கு வரணும். விழாத வீட்டுப் பிள்ளைங்க வழக்கம்போல வீட்டுலயே இருக்கட்டும். அவங்களையும் நாங்க வந்து பார்ப்போம், அளப்போம். ரெண்டு பக்கத்தையும் ஒப்பிட்டாத்தான் காப்பகத்தால என்ன நன்மைன்னு சொல்ல முடியும்."

ஜெயப்ரியா, தையல்நாயகிக்கு அடுத்த வீடு. ஒன்றரை வயது மஹாலட்சுமியை இடுப்பில் வைத்திருந்தாள். அவள் பெயர் வரவில்லை. "அப்போ எம்பொண்ணு வளராம நிக்கறாளான்னு மாசாமாசம் வந்து பாத்துக்கினு இருப்பீங்களா?" என்றாள்.

மறுபடியும் சிரிப்பு. மேரி மட்டும் சிரிக்கவில்லை. "அப்படி இல்லம்மா" என்று சொல்லிக் கையில் இருந்த பட்டியலைத் திருப்பினார்.

விழுந்த வீட்டுக் குழந்தைகளுக்கு மஞ்சள் அட்டை ஒன்று கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். காலையில் வாசலில் உள்ள சின்ன இயந்திரத்தில் அட்டையைக் காட்டினால் அது ஒரு சத்தம் போடும். யார் வந்தார்கள் என்பது எங்கோ பதிவாகும்.

முதல் வாரம் முழுக்கச் சரியாகத்தான் நடந்தது. சிக்கல் காப்பகத்தில் வரவில்லை, தெருவில் வந்தது.

புதிதாகத் தறியில் ஏற்றப்போகும் பாவு நூலை, வெயில் ஏறுவதற்கு முன் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டிச் சீர் செய்வார்கள். அதற்கு ஒரு வீட்டாள் போதாது. பாவு நீட்டும் வீடு யாருடையதானாலும், மற்ற வீடுகளிலிருந்து ஆளுக்கு ஒருவர் வந்து பிடிப்பார்கள். கூலி கிடையாது, கூப்பிடுவதும் கிடையாது. கம்பு நடுகிற சத்தம் கேட்டால் வருவார்கள். அந்த வாரம் தையல்நாயகி வீட்டுப் பாவு. கம்பு நட்டார்கள். சீட்டு விழுந்த வீட்டுப் பெண்கள் வந்தார்கள். விழாத வீட்டுப் பெண்கள் அவரவர் வாசலில் காபி டம்ளரோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னாடி ஜெயா, வேடிக்கை பாத்துக்கினு நிக்கற? இந்தப் பக்கம் தொங்குது பாரு" என்றாள் தையல்நாயகி.

"எனக்குக் கைல கொழந்த இருக்குதுக்கா. உம்புள்ளயப் பாத்துக்கத்தான் சர்க்காரு ஆளு போட்டிருக்குதே. நீ ஃப்ரீயாத்தான இருக்கற, ரெண்டு முனையும் நீயே புடிச்சிக்க."

"சீட்டு நானா எழுதிப் போட்டேன்?"

"நான் இன்னா சொன்னேன்? புடிச்சிக்கன்னுதான சொன்னேன்."

அன்று அந்தப் பாவில் நிறைய இழை அறுந்தது. அறுந்ததை ஒவ்வொன்றாக முடிச்சுப் போட்டுக்கொண்டே தையல்நாயகி அழுதாள். மறுவாரம் விழாத வீடு ஒன்றின் பாவுக்கு விழுந்த வீட்டுக்காரர்கள் யாரும் போகவில்லை.

கலாவதிக்கு இது பொறுக்கவில்லை. அவர் யோசித்துக் கண்டுபிடித்த வழி அந்தத் தெருவில் யாருக்குமே தோன்றியிருக்கக்கூடிய வழிதான். ஏகாம்பரநாதர் உற்சவத்தில் ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்தின் முறை. ஒரே நாளுக்கு இரண்டு குடும்பம் உரிமை கேட்டால் வருடம் மாற்றி வருடம் என்று பிரித்துக்கொள்வார்கள். சண்டை அதோடு முடிந்துவிடும். காப்பகத்துக்கும் அப்படி முறை வைத்தார். சீட்டு விழுந்த வீட்டோடு விழாத பக்கத்து வீட்டைச் சேர்த்தார். ஒரு நாள் இந்த வீட்டுப் பிள்ளை, மறுநாள் அந்த வீட்டுப் பிள்ளை. கழுத்தில் தொங்குவது ஒரே அட்டை. அட்டை யார் கழுத்தில் இருக்கிறது என்று இயந்திரத்துக்குத் தெரியாது.

"மேரி மேடம் கண்டுபுடிச்சா?" என்று ஜெயப்ரியா கேட்டாள்.

"அவங்களுக்கு இன்னா வேணும்? புள்ளைங்க நல்லா இருக்கணும். நல்லாத்தான இருக்கப் போவுது? அதனால நாமளா வாயத் தொறக்க வேணாம். விழாத வீட்டுக்காரங்கள யாராவது கேட்டா, 'எங்க புள்ள வர்றதில்ல'ன்னு சொல்லிடுங்க. இல்லன்னா தையலு வீட்டு அட்டையப் புடுங்கிக்கப் போறாங்க."

தையல்நாயகி முதலில் முரண்டு பிடித்தாள். மறுபடி பாவு நீட்டும் நாள் வந்ததும் ஒத்துக்கொண்டாள். அன்று தெருவே வந்து நின்று அவள் பாவைப் பிடித்தது.

அதற்குப் பிறகு வந்த மாதங்களைப் பற்றிப் பேசும்போது மட்டும் கலாவதியின் குரல் மாறும். காப்பகத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. பாய், தண்ணீர்த் தொட்டி, வண்ணக் கட்டைகள், மதியம் பருப்புச் சோறும் முட்டையும். கலாவதி பேசினார். சோறு ஊட்டும்போது பேசினார், கால் கழுவிவிடும்போது பேசினார், குழந்தைகள் தூங்கும்போதும் யாராவது விழித்துவிட்டால் அவர்களிடம் பேசினார். பல்லி எங்கே போகிறது, மழை எப்படி வருகிறது, இந்தச் சட்டையை யார் வாங்கித் தந்தது. தொண்டை கட்டிக்கொள்ளும் அளவு பேசினார். மாலையில் வீட்டுக்கு வந்தால் சிவராஜிடம் பேசக் குரல் இருக்காது.

"எங்கிட்ட மட்டும் ஊமைச்சி ஆயிடற" என்பார் அவர்.

"நீ தானா வளந்துட்ட. உனக்கு எதுக்குப் பேச்சு?" என்பார் கலாவதி.

மஹாலட்சுமி இரண்டு வயதுக்குள் பேசினாள். முதலில் சொன்னது "காக்கா, போ." அதுவே இரண்டு சொல் சேர்ந்த வாக்கியம் என்று கலாவதி தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஜெயப்ரியா முறை வரும் நாளெல்லாம் தறியில் உட்கார்ந்தாள். பிள்ளை வீட்டில் இருக்கும் நாளிலும் சும்மா கட்டிப்போடத் தோன்றவில்லை, பேசிக்கொண்டே நெய்யப் பழகிவிட்டேன் என்றாள். இதெல்லாம் உண்மையிலேயே நடந்தது. இதைச் சொல்வதற்கு அந்தத் தெருவில் அத்தனை பேரும் இருக்கிறார்கள்.

ஆய்வின் கடைசிக் கணக்கெடுப்புக்குத்தான் என்னைச் சேர்த்தார்கள். ஏனாத்தூர் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்திருந்தேன். தமிழில் கேட்டு ஆங்கிலத்தில் பதிய வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஜெயப்ரியா வீட்டுக்கு நான் போனபோது மஹாலட்சுமி அவள் மடியில் உட்கார்ந்து, கை தட்டிக்கொண்டு ஒரு பாட்டை முழுவதுமாகச் சொன்னாள்.

"குழந்தை காப்பகத்துக்குப் போகிறதா?"

"இல்லமா. எங்களுக்குத்தான் சீட்டு விழலையே."

"பாட்டு யார் சொல்லிக் கொடுத்தது?"

"டிவிதான்" என்றாள் ஜெயப்ரியா. அவளுடைய மாமியார் உள்ளேயிருந்து சிரித்த சத்தம் கேட்டது. ஏன் சிரித்தார் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. இரண்டு பக்கத்துக் குழந்தைகளையும் எடை பார்த்தோம், உயரம் பார்த்தோம், படங்களைக் காட்டிப் பெயர் கேட்டோம், தாய்மார்களிடம் நெய்த வேலையைக் கேட்டோம். எல்லாம் பல்கலைக்கழகத்துக்குப் போனது.

முடிவு வர மாதங்கள் ஆயின. அதைச் சொல்ல மேரி ஒரு மதியம் வந்தார். என்னையும் கூட அழைத்தார். குழந்தைகள் பாயில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கலாவதி எங்களுக்கு நாற்காலி போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். மேரியின் முகத்தைப் பார்த்ததுமே நல்ல செய்தி இல்லை என்று எனக்குத் தெரிந்தது. கலாவதிக்குத் தெரியவில்லை.

"அக்கா, கணக்கு வந்துட்டு" என்றார் மேரி. "சீட்டு விழுந்த வீட்டுப் பிள்ளைங்க, விழாத வீட்டுப் பிள்ளைங்க, ரெண்டு பேருக்கும் வித்தியாசமே இல்ல. எடை, பேச்சு, அம்மாமார் வேலை, எல்லாம் ஒண்ணுபோல இருக்கு."

கலாவதியின் முகம் மலர்ந்தது. "ஒண்ணா இருக்குதா? நெசமாவா?"

"ஆமாக்கா."

"ஒரு புள்ள கூடக் கீழ இல்லியா?"

"இல்ல."

கலாவதி எழுந்து வாசலுக்கு ஓடினார். "ஏ ஜெயா! தையலு! ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்குதாம்டி! கூடக்கொறைய இல்லியாம்!" என்று கத்தினார். இரண்டு குழந்தைகள் விழித்து அழத் தொடங்கின. அவர் திரும்பி வந்து இரண்டையும் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, "நான்தான் சொன்னேனே மேடம், முறை வச்சா சரியா வரும்னு" என்றார். பிறகு, தான் அதை மேரியிடம் சொன்னதே இல்லை என்பது அவருக்கு நினைவு வந்தது.

"என்ன முறை?" என்று மேரி கேட்டார்.

கலாவதி சொன்னார். மறைக்கவில்லை. இனி அட்டையைப் பறிக்க மாட்டார்கள், வேலை நல்லபடியாக முடிந்துவிட்டது என்று நினைத்தார். எந்த வீட்டோடு எந்த வீடு, எப்படி மாற்றிக்கொண்டார்கள், பாவு நாளன்று என்ன நடந்தது எல்லாவற்றையும் கொஞ்சம் பெருமையோடே சொன்னார். மேரி கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். கேட்டு முடித்த பின்னும் அதை எடுத்து மாட்டவில்லை.

"அக்கா, நீங்க செஞ்சதைத் தப்புன்னு சொல்லமாட்டேன். நானா இருந்தா நானும் இதைத்தான் செஞ்சிருப்பேன். ஆனா வித்தியாசம் இல்லேன்னா, காப்பகம் வந்தாலும் வராட்டியும் ஒண்ணுதான்னு அர்த்தம். அப்படித்தான் எழுதியாச்சு. அந்த நிதி அமைப்போட கூட்டமும் போன மாசம் முடிஞ்சுபோச்சு."

கலாவதிக்குப் புரிய நேரம் ஆனது. தோளில் இருந்த குழந்தைகள் மறுபடி தூங்கிவிட்டன. அவற்றைப் பாயில் கிடத்தினார். பக்கத்தில் மஹாலட்சுமி வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். அன்று அவள் முறை.

"அப்போ கொஞ்சம் பேரு கீழ இருந்திருக்கணும்."

"ஆமா."

"நாளைல இருந்து பிரிச்சிடறேன் மேடம்" என்றார் கலாவதி. "விழாத வீட்டுப் புள்ளைங்கள வர வேணாம்னு சொல்லிடறேன். ஜெயா கோச்சிக்குவா, கோச்சிக்கட்டும். ஒரு வருசம் கழிச்சி வந்து அளந்து பாருங்க. கட்டாயம் வித்தியாசம் இருக்கும். நான் பொறுப்பு."

அதைச் சொல்லும்போது அவர் கை மஹாலட்சுமியின் தலைமேல் இருந்தது. தைப் பொங்கலுக்கு மேல் காப்பகத்துக்குப் பணம் இல்லை என்று மேரி சொன்னார்.

ஒரு வழி இருக்கலாம் என்று மேரிக்கும் தோன்றியது. ஆய்வுக்குத் தலைமை வகித்த பேராசிரியரிடம் நேராகப் பேச ஏற்பாடு செய்தார். அந்த வார முடிவில் காப்பகத்தில் மடிக்கணினியைத் திறந்து வைத்தோம். கலாவதி தலை வாரி, பூ வைத்து, கல்யாணத்துக்குக் கட்டும் புடவை கட்டி வந்திருந்தார். திரையில் தெரிந்தவர் வயதானவர், மெல்லப் பேசுபவர். அங்கே அப்போது விடியற்காலை, கையில் டீக்கோப்பையோடு இருந்தார். நான் இருவருக்கும் நடுவில் மொழிபெயர்த்தேன்.

கலாவதி எல்லாவற்றையும் சொன்னார். இந்தத் தடவை பெருமை இல்லை. பேராசிரியர் ஒருமுறைகூடக் குறுக்கிடாமல் கேட்டார். கலாவதியை நம்புகிறேன் என்றார். இதை முன்பே யாராவது சொல்லியிருந்தால் வீடு வீடாகச் சீட்டுப் போடாமல் தெருத் தெருவாகப் போட்டிருப்பேன், ஒரு தெரு முழுவதற்கும் காப்பகம், இன்னொரு தெரு முழுவதற்கும் இல்லை என்று. அப்படிச் செய்யாதது என் தவறு, உங்கள் தவறு இல்லை என்றார்.

"அப்போ அந்த மாதிரி ஒருக்கா செய்யச் சொல்லு கண்ணு" என்றார் கலாவதி. "பக்கத்துத் தெருவுல வேணாம்னு வச்சிடலாம். எங்க தெருவும் அந்தத் தெருவும் பேசிக்கறதே இல்ல. கலக்காது."

நான் சொன்னேன். பேராசிரியர் லேசாகச் சிரித்தார், பிறகு சிரிப்பு போய்விட்டது. இந்த ஆய்வுக்குப் பணம் பெறவே தனக்கு நான்கு ஆண்டுகள் ஆனது என்றார். மூன்று நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துத்தான் அந்த அமைப்பு முடிவெடுத்தது. ஒன்றில் கொஞ்சம் நன்மை தெரிந்தது. ஒன்றில் தெரியவில்லை. காஞ்சிபுரம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் முடிவு என்று இருந்தது. இப்போது அவர்கள் வேறு திட்டத்துக்குப் போய்விட்டார்கள். போய் மறுபடி கதவைத் தட்டினால், உங்கள் அளவீட்டிலேயே பிழை என்கிறீர்களே, நன்மைக்கு எங்கே ஆதாரம் என்று கேட்பார்கள். பிழை இருந்தது என்று தன்னால் சொல்ல முடியும், நன்மை இருந்தது என்று சொல்ல முடியாது என்றார்.

"நான் பாத்தேனே" என்றார் கலாவதி.

அதையும் மொழிபெயர்த்தேன். எனக்குத் தெரியும், நானும் நம்புகிறேன் என்று பேராசிரியர் மறுபடி சொன்னார். கட்டுரை அச்சாகும்போது ஓர் அடிக்குறிப்பு சேர்ப்பதாக வாக்குக் கொடுத்தார். அடிக்குறிப்பு என்றால் என்ன என்று கலாவதி என்னிடம் கேட்டார். பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் போடுவது என்றேன்.

"சின்ன எழுத்துன்னா படிப்பாங்களா?"

இதை மொழிபெயர்க்க எனக்குத் தயக்கமாக இருந்தது. கலாவதி என்ன கேட்டார் என்று பேராசிரியரே கேட்டார். சொன்னேன். சிலர் படிப்பார்கள் என்றார்.

பொங்கலுக்கு மறுவாரம் காப்பகத்தை மூடினார்கள். எடை பார்க்கும் தராசையும் இயந்திரத்தையும் மேரி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். பாய்களையும் கட்டைகளையும் தெருவிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னார். யாருக்கு எத்தனை என்று பிரிக்க யாரும் வரவில்லை.

செய்தி எப்படியோ தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. தையல்நாயகி நேரே வந்து கேட்டாள்.

"எம்புள்ளைக்கு விழுந்த சீட்டுக்கா அது. சாமி முன்னால விழுந்தது. பாதிய அவளுக்குக் குடுன்ன, குடுத்தேன். இப்போ முழுசும் போச்சி."

"நாம சண்ட போட்டுக்கினு இருந்தமேடி."

"போட்டிருந்தா போட்டிருந்துட்டுப் போறோம். புள்ள அங்க இருந்திருக்கும்ல?"

 இதே கேள்வியைக் கலாவதி தன்னிடம் தானே எத்தனை முறை கேட்டிருப்பார் என்று எனக்குத் தெரியாது. விழாத வீட்டுக்காரர்களும் அவருக்காகப் பேசவில்லை. தங்கள் பிள்ளைகளால்தான் கெட்டது என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயந்து ஒதுங்கிக்கொண்டார்கள். ஜெயப்ரியா மட்டும் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. பேசுவதற்கு அவள் பகலில் தெருவிலேயே இல்லை. செவிலிமேட்டில் வந்து நிற்கும் கம்பெனி வண்டியில் ஏறி ஒரகடம் பக்கம் ஷிப்டு வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தாள். மஹாலட்சுமியை வாலாஜாபாத்தில் தன் அம்மா வீட்டில் விட்டுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய்ப் பார்க்கிறாள்.

கலாவதி ஒருமுறை முயன்று பார்த்தார். நான்கைந்து குழந்தைகளைத் தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்று அழைத்து வந்தார். வீடு முழுக்கத் தறிதான். இருந்த இடம் சமையற்கட்டு வாசல் மட்டும். இரண்டாம் நாள் ஒரு குழந்தை தறிக்கடியில் நுழைந்து ஒரு கைப்பிடி பாவு நூலை இழுத்து அறுத்துவிட்டது. அதைச் சரிசெய்ய இரண்டு நாள் நெசவு நின்றது. சிவராஜ் கத்தவில்லை. கத்தியிருந்தால் பதில் பேசியிருப்பேன் என்றார் கலாவதி.

"புள்ளைங்களப் பாரு, இல்ல நாடா போடு. எனக்கு எதுவானாலும் சம்மதம்" என்றார் சிவராஜ். "ரெண்டும் இந்த ஒரு கூடத்துல நடக்காதுமா. நீயே பாக்கறல்ல."

மச்சினர் மகன் வேறு வேலைக்குப் போய்விட்டிருந்தான். கலாவதி மறுபடி ஓரத்தில் போய் உட்கார்ந்தார்.

அடுத்த ஆண்டு வேறொரு குழு அந்தத் தெருவுக்கு வந்தது. தறிக்கு மேலே ஒரு புதுவித விளக்கு மாட்டினால் கண் கெடுவது குறைகிறதா என்று பார்க்க வந்தவர்கள். அவர்களும் சீட்டுக் குலுக்கினார்கள். இந்த முறை தெரு மிக ஒழுங்காக நடந்துகொண்டது. விளக்கு விழுந்த வீட்டில் அடுத்த வீட்டுப் பெண் முந்தானை இழைக் கணக்கைச் சரிபார்க்க வெளிச்சத்துக்கு வந்தால்கூட, "வேணாம்மா, கலந்துடும்" என்று சொல்லி அனுப்பினார்கள். அப்படிச் செய்யச் சொல்லி வீடு வீடாகப் போனவர் கலாவதிதான். அவர் பேச்சை யாரும் காதில் வாங்காத காலம் அது. இதை மட்டும் கேட்டார்கள். அந்தக் குழுவின் முடிவு என்ன ஆனது என்று தெரியவில்லை. அவர்கள் திரும்பி வரவில்லை.

காப்பகத்தைப் பற்றிய கட்டுரை சென்ற மாதம் அச்சாகி வந்தது. மேரி எனக்கு அனுப்பியிருந்தார். அவர் இப்போது வேறு வேலையில் இருக்கிறார். நான் அதை எடுத்துக்கொண்டு பிள்ளையார்பாளையம் போனேன். கலாவதி தறியை விட்டு எழுந்து வந்து, முகம் கழுவிக்கொண்டு, சமையற்கட்டு வாசலில் உட்கார்ந்தார். பேராசிரியர் வாக்குத் தவறவில்லை. பதினோராம் பக்கத்தின் அடியில் அது இருந்தது. தமிழில் சொன்னேன்.

"சில குடும்பங்கள் காப்பக இடத்தைத் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டதாகக் களப்பணியாளர் ஒருவர் ஆய்வு முடிந்தபின் தெரிவித்தார். இதை உறுதிப்படுத்த இயலவில்லை."

"அந்த ஒருவர் நானா?"

"ஆமாக்கா."

"இன்னொருக்கா படி."

படித்தேன்.

"சில குடும்பம் இல்லியே கண்ணு" என்றார். "எல்லாக் குடும்பமும்தான. ஒரு வீடு பாக்கி இல்ல. எல்லாரும்தான் குடுத்தாங்க, எல்லாரும்தான் வாங்கிக்கினாங்க. சிலன்னு போட்டா ஏதோ ரெண்டு வீடு திருட்டுத்தனம் பண்ணாப்போல இல்ல இருக்குது? அதை மட்டும் மாத்தச் சொல்ல முடியுமா?"

உள்ளே சிவராஜ் தறியை நிறுத்திக் காத்திருந்தார். கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லி, அங்கேயே உட்கார்ந்து, கலாவதி சொன்னதை ஆங்கிலத்தில் எழுதிக் கட்டுரையை வெளியிட்ட இதழுக்கு அனுப்பினேன். மறுநாளே பதில் வந்தது. மிக மரியாதையான பதில். அச்சான கட்டுரையில் அடிக்குறிப்பை மாற்றும் வழக்கம் இல்லை, அதிலும் இது ஆய்வின் முடிவைப் பாதிக்காததால் திருத்தம் வெளியிடத் தேவை எழவில்லை என்று எழுதியிருந்தார்கள்.

போனில் சொன்னேன். பின்னால் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"சரி உடு கண்ணு" என்றார் கலாவதி. "கேட்டுட்டம்ல."